திரும்பி வரும் உளியின் சத்தம்

திரும்பி வரும்போது உளி சத்தம் போடக் கூடாது.

துப்பாக்கிக் குழலுக்குள் வரிப்பள்ளம் வெட்டும் அந்த மெஷினின் ஓசை அவளுக்கு அத்துப்படி. கம்பி நுனியில் பொருத்திய சிறு உளியைச் சுழற்றியபடி குழல் வழியே இழுக்கும்போது ஒரு நீண்ட முனகல். மயிரிழை அளவுக்கு இரும்பைச் சீவி முடித்ததும், உளி தலையைத் தாழ்த்திக்கொண்டு எண்ணெயில் வழுக்கி வந்த வழியே திரும்பும்போது மௌனம். இன்று அந்த மௌனத்துக்குள் ஏதோ சுரண்டியது, பூட்டிய கதவை உள்ளிருந்து நகத்தால் பிறாண்டுவதைப் போல.

சனிக்கிழமை மதியம். மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தொழிற்சாலையின் தகரக் கூரையில் மழை தூறிக்கொண்டிருக்க, சூடேறிய எண்ணெய் வாடை தொண்டையில் அப்பியது. பரிசோதனை மேசையை விட்டு எழுந்து மெஷினிடம் போனாள். ஓட்டிக்கொண்டிருந்தது அவள் தம்பி. அவள் சொல்லித்தான் அவனுக்கு இங்கே வேலை கிடைத்தது.

“உனக்கும் கேக்குதாக்கா?” அவன் முகம் வெளிறியிருந்தது. “உளியைக்கூட மாத்திப் பாத்துட்டேன். போக மாட்டேங்குது.”

“முதல்ல நிறுத்து.”

நிறுத்தினான். மோட்டார் முனகி அடங்கியது. எண்ணெய் ஓட்டம் நின்றது.

சுரண்டல் நிற்கவில்லை.

“எலி கிலி பூந்திருக்குமோ?”

“சுண்டுவிரல் போகாத ஓட்டையில எலியா? உன் மூளை வேணா போகும்.”

இருவரும் சிரிக்கவில்லை. கம்பியை உருவிவிட்டுக் குழலைக் கழற்றி மேசைமேல் கிடத்தினார்கள். சுரண்டல் சட்டென்று ஓய்ந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

உள்ளே பார்க்கும் கேமரா அவளிடம் இருந்தது: மெல்லிய வயர், நுனியில் கடுகளவு விளக்கு, அடியில் கையகலத் திரை. ஒரு முனையில் அதை நுழைத்தாள். திரையில் பளபளக்கும் இரும்பும், வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளங்களும் தெரிந்தன. குழல் ஒரு கை நீளம்தான். வயரோ இரண்டு கை நீளம் உள்ளே போய்விட்டது.

“வெளிய வந்துச்சா?”

மறுமுனையில் நின்ற தம்பி விரலால் தடவிப் பார்த்தான். “வரலையேக்கா.”

இன்னும் தள்ளினாள். வயர் போய்க்கொண்டே இருந்தது. பள்ளங்களும் முடியவில்லை.

அவன் குனிந்து, குழலின் வாயில் கண்ணை வைத்தான்.

“வெளிச்சம் தெரியுது. ரொம்ப தூரத்துல.” குரல் தாழ்ந்தது. “யாரோ வர்றாங்கக்கா.”

அவளும் திரையில் பார்த்தாள். ஒரு உருவம். பள்ளத்தின் போக்கிலேயே நடந்து கேமராவைத் தாண்டி அவன் பக்கமாகப் போனது. கால் ஒருகணம் தரையில். மறுகணம் கூரையில். சுழன்று, சுழன்று. அவசரமே இல்லாமல்.

“கண்ணை எடுடா!”

அவன் அசையவில்லை.

“டேய், எடு!”

வயரை இழுத்தாள். வரவில்லை. உள்ளிருந்து ஏதோ பிடித்திருந்தது. உருவம் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது. திரை இருண்டது.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, குழலுக்குள்ளிருந்து, இரும்பில் உரசி மெலிந்த ஒரு குரல்:

“அக்கா, விளக்கை அணைச்சிடாத.”

தம்பியின் குரல்.

மேசையின் மறுமுனையில் குனிந்திருந்தவன் மெல்ல நிமிர்ந்தான். அவன் உதடுகள் மூடியே இருந்தன. ஒரு கண் அவளைப் பார்த்தது. குழலில் வைத்திருந்த மற்றதில் கருமணி இல்லை. வட்டமாக ஒரு துளை. அதன் சுவர்களில் புதிதாக வெட்டிய பள்ளங்கள் வலப்பக்கமாகச் சுற்றி இறங்கின. கன்னத்தில் எண்ணெய் வழிந்தது.

அவன் அவளை நோக்கிக் குனிந்தான். துளைக்குள், வெகு ஆழத்தில், கடுகளவு விளக்கு எரிந்தது. அதனடியில் அவள் தம்பி நின்று, இரண்டு கைகளாலும் இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.