குழலுக்குப் பின்னால் ஒன்று

புல்லாங்குழலுக்கு மயிரிழை பிந்தி, அதே மெட்டை இன்னொன்றும் வாசித்துக்கொண்டிருந்தது.

பழைய பாப் இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடும் அந்த நிறுவனத்தில் அவளுக்குக் காதம்மா என்று பட்டப்பெயர். எந்தத் தட்டைப் போட்டாலும், பின்னணியில் கேட்பது ரம்பத்தை வில்லால் இழுத்த ஓசையா, கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்ததா, காகிதம் சுற்றிய சீப்பை ஊதியதா என்று பட்டென்று சொல்லிவிடுவாள். இது மட்டும் பிடிபடவில்லை. எதிரொலியாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் எதிரொலி தானாகத் தப்புப் பண்ணாது. இது பண்ணியது. முதல் சரணத்தில் தடுமாறிய இடத்தை இரண்டாம் சரணத்தில் திருத்தி வாசித்தது.

மேலாளர் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார். "இன்னுமா முடியல? தட்டு உறை அச்சுக்குப் போகணும். ஏதாவது ஒரு வாத்தியத்துப் பேரப் போட்டு அனுப்புங்க."

"தெரியாத பேர எப்படி சார் போடுறது?"

"அப்புறம் எதுக்கு அந்தக் காது?" என்றவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்ற வாத்தியங்களையெல்லாம் அமுக்கி, அந்த ஓசையை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிய ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சுவரில் ஒட்டிய பஞ்சுப் பலகைகளின் புழுங்கல் வாடையும் சூடேறிய கருவிகளின் நாற்றமும் கலந்து தேங்கிய அந்தச் சன்னல் இல்லாத அறையில், ஊதுகிறதா தேய்க்கிறதா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, ஈரத் தொண்டை திறந்து மூடுவதுபோல, விடாப்பிடியாக ஒரு பாட்டைப் பழகிக்கொண்டிருந்தது. அது நெருங்கி வருவதுபோலப் பட்டதால் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து கணவன் போன் செய்தான். பின்னால் மகளின் சிணுங்கல் கேட்டது. "எப்ப வர்ற? நீ வந்தாத்தான் சாப்பிடுவாளாம்."

"இதோ வந்துடறேன். சாவி கொண்டுவரல, கதவத் திறங்க வந்ததும்."

பேசி வைத்தபிறகுதான் கவனித்தாள். ஒலிபெருக்கியில் சத்தம் இல்லை. திரையில் அந்த ஓசையின் அலை இருந்த இடத்தில் வெறும் நேர்கோடு. இசைத்தட்டையே மறுபடி போட்டுப் பார்த்தாள். குழல் வந்தது. குழலுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அந்தப் பாட்டை அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு செய்த பெரியவரின் எண் அலுவலகத்தில் இருந்தது. கூப்பிட்டாள்.

"யாரு உங்களுக்கு என் நம்பர் குடுத்தது?" குரலில் எரிச்சல்.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க ஆளு யாரும் அத வாசிக்கல. குழல்காரரப் பாத்து அதுவாப் பழகுச்சு. நல்லா வந்ததும் அவர் தேவப்படல. சாயங்காலம் அவர் பொண்டாட்டி கூட்டிட்டுப் போக வந்தாங்க. நாற்காலி காலியா இருந்துச்சு. குழல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு." நிறுத்தினார். "தனியா ஓடவிட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப பக்கத்துல யாராவது பேசுனாங்களா?"

"நான்தான். வீட்டுக்குப் பேசினேன்."

"இனிமே எங்கிட்டப் பேசாதீங்க," என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு அடித்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

"வாசல்ல நின்னுக்கிட்டு எதுக்குப் போன் பண்ற?" கணவன் சிரித்தான். "சாவி கொண்டுவரல, கதவத் திறங்கன்னு நீ கத்துறது தெருவுக்கே கேக்குது. இரு, வர்றேன்."

"நான் ஆபீஸ்ல இருக்கேன். திறக்காதீங்க."

"விளையாடாத."

"சத்தியமா நான் இல்லங்க. திறக்காதீங்க."

தாழ்ப்பாள் விலகியது. கீல் முனகியது.

போன் தரையில் விழுந்தது.

அவன் குரல் இல்லை. ஒரு மூச்சுகூட இல்லை. உள்ளிருந்து சின்னக் கால்கள் ஓடிவந்தன. நின்றன.

"அப்பா, இது அம்மா இல்ல."

அமைதி.

"ஓடுடா கண்ணு," என்று அவள் போனுக்குள் கத்தினாள். அவள் குரல் அங்கே யாருக்கும் எட்டவில்லை.

"அப்பா, இது அம்மா இல்ல." மகளின் குரல்தான். ஆனால் 'அப்பா' கொஞ்சம் இழுத்தாற்போல. ஈரமாக.

அமைதி.

"அப்பா, இது அம்மா இல்ல." இழுவை குறைந்திருந்தது.

அதற்கடுத்த முறை, காதம்மாவாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.