போட்டு வா

நித்தியானந்தன் மிதிப்பதை நிறுத்தினான். பின்சில்லின் டிக் டிக் ஓசை மெல்லக் குறைந்து, சைக்கிள் நின்றபோது அதுவும் நின்றது. அவனுக்குப் பின்னால் இன்னொரு டிக் டிக் கொஞ்சத் தூரம் ஓடிவந்து பிறகுதான் நின்றது.

காலை ஊன்றிக் காத்திருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் நாலு மணிதான் ஆகியிருந்தது. ஆனால் சுவிஸின் பீல் ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி இருபக்கத்து நாணல்களையும் அவற்றுக்கு அப்பால் நின்ற மரங்களையும் விழுங்கிவிட்டு, முன்சில்லுக்கு முன்னால் பத்து முழச் சரளைக் கிரவலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அழுகிய இலையின் மணமும் சேற்றின் மணமும் அவனுடைய நனைந்த கம்பளிச் சட்டையின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறின. எங்கோ ஒரு நீர்க்கோழி தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடி அடங்கியது. மூடுபனிக்குள் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவன். அந்த விளக்கம் போதுமாக இருந்தது. மறுபடி மிதித்தான்.

அவன் வேலை செய்யும் தீவிலிருந்து வீடிருக்கும் எர்லாக் ஊருக்கு ஐந்து கிலோமீற்றர். ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நாணல் நிலத்தை ஊடறுக்கும் ஒற்றைக் கிரவல் பாதை. பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம் என்பதால் கார் வராது, லொறி வராது, மோட்டார் சைக்கிள்கூட வராது. ஹைடன்வெக் என்று பெயர். ஹைடன் என்றால் கிறிஸ்துவைக் கும்பிடாதவர்கள் என்று யாரோ மகேஸ்வரனுக்குச் சொல்லியிருந்தார்கள். தீவு விடுதியின் சமையலறையில் இவனோடு கோப்பை கழுவுகிறவன் அவன். "அப்ப எங்கட சனத்துக்கெண்டே போட்ட றோட்டு மச்சான். இதில பெர்மிட் கேக்க மாட்டாங்கள்," என்று கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

அது செப்டம்பரில். இப்போது மகேஸ்வரன் இவனிடம் பகிடி விடுவதில்லை.

முப்பத்தொரு நாளுக்கு முன் சிவகலா பிரதான வீதியில், சீனிக்கிழங்கு ஏற்றிவந்த லொறியின் கீழ்ப் போனாள். இருபத்தாறு வயது. இவனுக்கு மனைவியாகி நாலு வருடம். கிழங்குகள் வீதி முழுவதும் உருண்டு கிடந்தன. எது கிழங்கு, எது அவள் என்று பொலிஸ்காரர்கள் குனிந்து பார்த்துப் பிரித்தார்கள். அவளுடைய பச்சைச் சைக்கிளின் முன்சில்லைத் தாங்கும் கவை வளைந்திருந்தது. அதன் பிறகு அவன் வாகனம் ஓடும் வீதியில் சைக்கிள் ஓட்டவில்லை. இந்தப் பாதை முடிகிற இடத்தில் இறங்கி, உருட்டிக்கொண்டு கடப்பான். அழவும் இல்லை. வேலைக்குப் போனான், வந்தான்.

இன்று அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. ஊரில் என்றால் கீரிமலையில் சாம்பலைக் கரைத்திருப்பார்கள். இங்கே கீரிமலையும் இல்லை, ஐயரும் இல்லை. ஓஸ்டர்முண்டிகனில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் தில்லைநாயகி அக்காதான் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஏரியில் கரைத்தால் போதும். கரைத்தபின் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

"தம்பி, பழக்கதோசத்தில 'போட்டு வா' எண்டு சொல்லிப்போடாதை. செத்தவையை வா எண்டக்கூடாது. ஏதும் சொல்லத்தான் வேணுமெண்டால் போ எண்டு சொல்லு. இல்லாட்டி வாயைப் பொத்திக்கொண்டு நில்."

அவர்கள் ஊரில் புறப்படுகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்பதைச் சுருக்கி 'போட்டு வாறன்' என்பார். இருப்பவர் 'போட்டு வா' என்று சொன்ன பிறகுதான் படி இறங்குவார். சிவகலா இதில் கண்டிப்பானவள். பதில் வராமல் கதவைச் சாத்தமாட்டாள். லொறியில் அடிபட்ட அன்று காலையிலும் வாசலில் நின்று இரண்டுதரம் சொன்னாள். விடுதியில் விருந்து முடிந்து பிந்தி வந்து படுத்திருந்தவன், தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே ஒரு சொல் சொன்னான்.

போ.

அவள் போனாள்.

அதனால் இன்று வேலை முடிந்து, தீவின் படகுத்துறையில் தகரப்பேணியைக் கவிழ்த்து, சாம்பல் தண்ணீரின்மேல் ஆடையாக விரிவதைப் பார்த்தபோது, முப்பத்தொரு நாளாகத் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்துவிட்டது. போட்டு வா. சொன்ன பிறகுதான் அக்காவின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. வெறும்பேணியைக் கரியரில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் புறப்பட்டான்.

சர்க்.

பின்னாலிருந்து. கிரவல் அரைபடும் சத்தத்துக்கு நடுவே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம், றப்பர் இரும்பில் முட்டி உரசுகிற சத்தம். கவை வளைந்த சைக்கிளை உருட்டினால் அப்படித்தான் கேட்கும். அவன் வேகமாக மிதித்தான். சர்க், சர்க், சர்க். அதுவும் வேகமானது. அந்தச் சைக்கிள் அவன் குடியிருக்கும் வீட்டு நிலவறையில், பொலிஸ் கட்டிய அட்டையோடு கிடக்கிறது. காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

மணி இரண்டுதரம் அடித்தது. ணிங், ணிங். அவனை முந்தும்போது அவள் அப்படித்தான் அடிப்பாள்.

பிறகு உரசல் நின்றது. அவனுடைய சைக்கிளின் பின்பக்கம் அமிழ்ந்தது.

கரியரில் தகரப்பேணி நசுங்கியது. யாரோ ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார்கள். ஊரில் டபிள்ஸ் போகும்போது அவள் உட்காருவதுபோல, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு. பின்சில்லு கிரவலில் புதைந்து இழுத்தது. மண் மணம் வந்தது. அதற்குள் ஓர் இனிப்பு, வெட்டுப்பட்ட சீனிக்கிழங்கின் இனிப்பு. இரண்டு கைகள் அவன் வயிற்றைச் சுற்றி வந்து கோத்துக்கொண்டன. ஒரு கை, முழங்கைக்குக் கீழே இன்னோர் இடத்திலும் மடிந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள். "வந்திட்டன்."

அவளுடைய குரல்தான். தாடை சரியாகப் பொருந்தாத குரல்.

கைகள் இறுகின. விலா எலும்பு ஒன்று முறிந்தது. அதைக் காதால் கேட்கவில்லை, பல்லில் கேட்டான். மூச்சு உள்ளே போகவில்லை. இன்னும் இரண்டு கிலோமீற்றர். இரண்டாவது எலும்பு முறிந்தபோது வாயில் இரத்தம் உப்புக்கரித்தது. சொல்ல வேண்டியது ஓர் எழுத்து.

"போ," என்றான்.

உடனே கைகள் விட்டன. கரியர் நிமிர்ந்தது. வெறுங்கால்கள் கிரவலில் இறங்கி, சொன்னபடி கேட்டு, நாலு அடி நடந்து போயின.

லொறி வந்தது.

லொறியே வராத பாதையில். ஹோர்ன். பிரேக்கின் அலறல். கற்கள் துப்பாக்கிச் சன்னங்களாகப் பறந்து முதுகிலும் பிடரியிலும் அடித்தன. ஒன்று வலக்காதின் கீழ்ச்சோணையைப் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு, அன்று காலை அவன் படுக்கையில் கிடந்ததால் கேட்காத சத்தம். ஈரச்சாக்கைத் தரையில் அறைந்த சத்தம். அதன்மேல் ஏறிய முன்சில்லு. பின்சில்லு.

ஒரு சீனிக்கிழங்கு உருண்டுவந்து அவனை முந்திப் போனது. இன்னொன்று. மூன்றாவதாக உருண்டுவந்ததில் மோதிரம் இருந்தது.

மிதித்தான். இரத்தம் கழுத்துக்குள் இறங்கியது.

சர்க்.

சர்க்.

மறுபடி கரியர் அமிழ்ந்தது. முன்னைவிடக் குறைவாக. அவளில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"போனன்," என்றாள். "திரும்பி வாறன்."

"போ!"

ஹோர்ன். அலறல். சாக்கு. சில்லு. சில்லு. இந்தமுறை அவனுடைய சைக்கிளும் தூக்கியெறியப்பட்டது. முகம் கிரவலில் தேய்ந்து, கன்னத்தின் தோல் உரிந்து, மேற்பற்கள் இரண்டு கல்லோடு கல்லாகக் கிடந்தன. எழுந்தான். சைக்கிளை நிமிர்த்தினான். ஏறினான். எப்படி ஏறினான் என்று தெரியாது. பாதையின் முடிவு தெரிந்தது. சிவப்பும் வெள்ளையும் பூசிய தடைமரம். அதற்கு அப்பால் பிரதான வீதி.

அவள் ஏறியதே தெரியவில்லை. ஒரு குழந்தையின் பாரம்தான் இருந்தது. பாதி முகம் ஒன்று அவன் முதுகில் சாய்ந்தது. ஈரம்.

"நோகுதப்பா," என்றாள். "இன்னொருக்காப் போகட்டோ?"

இன்னும் ஒருதரம் சொன்னால் முடிந்துவிடும். திரும்பி எழும்ப அவளிடம் மிச்சம் இருக்காது. அவன் இறங்கி, உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். உதடுகளைச் சேர்த்தான். அந்த எழுத்துக்கு உதடுகள் சேரவேண்டும். சேர்ந்தன.

திறக்கவில்லை.

அவள் காத்திருந்தாள். வாசலில் நின்று பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

"அப்ப," என்றாள், "ரெண்டு பேருமாப் போட்டு வருவமோ?"

"ஓம்," என்றான்.

தடைமரம் மேலே எழுந்தது. யாரும் தூக்கவில்லை. வீதியில், மூடுபனிக்குள், இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன. உடம்பு பயந்து பிரேக்கைத் தேடியது. அவனுடைய விரல்களின்மேல் அவளுடைய விரல்கள் இருந்தன. மூன்று. அவை பிரேக்கை விட்டு மணிக்குப் போயின. ணிங், ணிங்.

காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

குனிந்தான். அவனுடைய சப்பாத்துகளை அமுக்கியபடி, பெடல்களில் இரண்டு வெறுங்கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் குதிகால் முன்னால் இருந்தது.