ஐம்பது கிராம்

நாற்பத்தோராவது கட்டை, எடைக்கல் வைப்பதற்கு முன்பே இறங்கிக் கிடந்தது.

கன்னையா பித்தளைக் கல்லை விரல் நுனியில் பிடித்தபடி நின்றுவிட்டான். சின்னக் கல்தான், ஐம்பது கிராம். பியானோக் கட்டையின் முன்நுனியில் அதை வைத்தால் கட்டை பதறாமல் மெல்ல இறங்க வேண்டும். எடுத்தால் தானாக எழும்பி வர வேண்டும். எண்பத்தெட்டுக் கட்டைக்கும் அதே விதி. பதினோரு வருஷமாக இதுதான் அவனுக்குச் சோறு போடுகிற வேலை. நாற்பது கட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டன. இது மட்டும், வாசித்துக்கொண்டிருந்த யாரோ விரலை எடுக்க மறந்து அப்படியே இருப்பதுபோல, பக்கத்துக் கட்டைகளைவிடத் தாழ்ந்து அமுங்கியிருந்தது.

"மழைக் காத்துதான்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான்.

கிள்ளானிலிருந்து போர்ட்டுக்குப் போகிற சாலையில், லோரிகள் வேகம் குறைக்காமல் திரும்புகிற வளைவுக்குப் பக்கத்தில் இருந்தது ஜப்பான் கம்பெனியின் அந்தப் பியானோ தொழிற்சாலை. சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிச் சங்கு ஊதியதும் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். கேண்டீனில் சட்டி கழுவுகிற சத்தமும் ஓய்ந்தது. கடல் பக்கத்திலிருந்து கறுத்து வந்த மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தாலும், கன்னையா இருந்த அறைக்குள் அது பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைப்பதுபோலத்தான் கேட்டது. சுருதி பார்க்கிற அறை அது. நான்கு சுவரிலும் பஞ்சு மெத்தை அடித்து, கதவுக்கும் மெத்தை தைத்து, சன்னல் வைக்காமல் கட்டியிருந்தார்கள். உள்ளே பேசினால் குரல் உதட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். பசையும் மரத்தூளும் கம்பளித் துணியும் கலந்த வாடை எப்போதும் இருக்கும். குழல்விளக்கு மட்டும் ஈ மாதிரி முனகிக்கொண்டிருக்கும்.

அவன் அந்தக் கட்டையைக் கழற்றி எடுத்தான். கையளவு நீளம் வெளியே தெரிந்தாலும் உள்ளே முழங்கை நீளத்துக்குப் போகிற மரத்துண்டு அது. நடுவில் ஒரு கம்பி. அதன்மேல் ஏற்றமரம்போல இப்படியும் அப்படியும் சாய்ந்தாடும். கம்பி போகிற துளையில் ஒட்டியிருந்த கம்பளி, ஈரத்தில் ஊதிப் பிடித்திருக்கும் என்று நினைத்துக் குறட்டால் லேசாக நசுக்கிவிட்டான். பக்கவாட்டில் பதித்திருந்த இரண்டு ஈயக் குண்டுகளையும் தொட்டுப் பார்த்தான். ஆடவில்லை. திரும்ப மாட்டினான். கட்டை மற்றவற்றோடு வரிசையாக நின்றது.

மூச்சு விட்டான். குனிந்து துணியை எடுத்தான். நிமிர்ந்தபோது அது இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை. வேகமாகத் தட்டினால்தான் பியானோவின் சுத்தியல் கம்பியை அடிக்கும். இத்தனை மெதுவாக அமுக்கினால் கட்டை ஊமையாகவே இறங்கும். அது கன்னையாவுக்குத் தெரியும். அமுக்கத்தான் ஆள் வேண்டும் என்பதும் தெரியும்.

அந்த ஈயக் குண்டுகளைத் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்தான். அவை இருக்கிற இடம் அவன் யோசித்த இடம் இல்லை.

முன்பெல்லாம் ஈயத்தைக் கட்டையின் நுனிப் பக்கம்தான் அடைப்பார்கள். ஐம்பது கிராமுக்குச் சரியாக இறங்கும். ஆனால் வேகமாக வாசித்தால் சோம்பேறித்தனமாக எழும்பும். வெளிநாட்டிலிருந்து புகார்மேல் புகார். ஈய மேசையில் நாலு வருஷமாக நின்றவள் புஷ்பவல்லி, கேரி தீவிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிற பெண். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கட்டையை ஆட்டிப் பார்க்கிற மரச்சட்டம் ஒன்றில் கட்டையை மாட்டி எடுத்து வந்தாள்.

"அண்ணே, இத அமுக்கிப் பாருங்க."

அமுக்கினான். விரலை எடுத்ததும் விரலோடு ஒட்டிக்கொண்டே எழும்பியது.

"என்ன பண்ணுன?"

"ஈயத்த நுனியில வெக்காம நடுக்கம்பி பக்கம் தள்ளி வெச்சேன். ஒன்னுக்கு ரெண்டா. ஐம்பது கிராமுக்கு அதேதான் எறங்குது, ஆனா ஆட்டி எடுக்க லேசு. தள்ளுவண்டியில செம்பனைக் கொலைய சக்கரத்துக்கிட்ட ஏத்துவோம்ல? கைப்பிடிப் பக்கம் ஏத்துனா இடுப்பு போயிரும். இந்த ஜப்பான்காரன் வண்டியே தள்ளுனதில்ல போல லா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீட்டுப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை அவள் சீருடையில் எப்போதும் ஒட்டியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று அவளே சொல்வாள்.

கிழக்கே ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்த காலம். தொழிற்சாலையில் யோசனைப் பெட்டி வைத்திருந்தார்கள். அதில் எழுதிப் போடுகிற படிவம் மலாயில் இருந்தது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவள், "நீங்களே எழுதிப் போட்டுருங்கண்ணே," என்றாள். அவன் எழுதினான். படம்கூட வரைந்தான். பெயர் என்கிற கட்டத்தில் பேனா தயங்கியதா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான். தயங்கவில்லை; கன்னையா என்றே எழுதியது.

பரிசாக ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். அவன் போட்டோவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எல்லாரும் வரிசையில் நின்று கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்தின பிறகும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினாள். அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. "காலை வணக்கம்ணே" என்பதை நிறுத்தக்கூட இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். வீட்டில் மனைவி, "புது குக்கர்ல சோறு பூவாட்டம் வருது பாருங்க," என்று பரிமாறும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு விழுங்கினான்.

இரண்டு மாதம் கழித்து டெங்கிக் காய்ச்சல். மூன்றே நாள். இருபத்துநாலு வயது.

கம்பெனி பஸ்ஸிலேயே எல்லாரும் தீவுக்குப் போனார்கள். லைன் லீடர் என்பதால் மாலையை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். அவள் அம்மா நல்லம்மாள், அழுது வீங்கின முகத்தோடு அவனைத் தேடி வந்தாள்.

"நீங்கதான் கன்னையாவா தம்பி? எம்மக பேர எழுதி மேல அனுப்புனீங்களாமே. தெனைக்கும் சொல்லிக்கிட்டே கெடக்கும். அதுக்கு ஏதும் பதில் வந்துச்சா?"

நடந்ததை வீட்டில்கூட அவள் சொல்லவில்லை. அம்மாவுக்கு முன்னால் அவனைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

"இன்னும் வரலம்மா," என்றான் கன்னையா.

அது நடந்து பதினாறு நாள் ஆகிறது. திங்கட்கிழமை ஜப்பானிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். இந்தப் பியானோவை வைத்துக் கன்னையா தன் முறையை விளக்க வேண்டும். பிடித்துப்போனால் மூன்று மாதம் அங்கே பயிற்சி, திரும்பி வந்தால் சூப்பர்வைசர். அவர்கள் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இது யார் யோசனை?

நாற்பத்தோராவது கட்டையை மறுபடி கழற்றி மேசைமேல் வைத்தான். காலியான இடம் பல் விழுந்த வாய்போல இருட்டாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்த நாற்பத்திரண்டு இறங்கியது.

அறையில் வாடை மாறியிருந்தது. மரத்தூளும் பசையும் இருந்தன. அவற்றுக்கு அடியிலிருந்து, ஈரத் துணியை மூடிவைத்த பெட்டியைத் திறந்ததுபோல, செம்பனை ஆலையின் புளிப்பு.

அவன் அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் வேலைக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு, புரியாததை அளந்து பார்க்கிற புத்தி. கட்டையின் பின்பகுதியில், நடுக்கம்பிக்கு அந்தப் பக்கம், ஐம்பது கிராம் கல்லை வைத்தான். முன்நுனி எழும்பவில்லை. இன்னொரு ஐம்பது. நூறு. அசையவில்லை. இருநூறு வைத்தபோது லேசாக, நகக்கண் அளவு, எழும்பியது. அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

உடனே திரும்ப இறங்கியது.

எதிர்ப்பக்கம் யாரோ எடையைக் கூட்டிக்கொண்டார்கள்.

கல்லை அவன் வைப்பதைப் பார்த்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி.

பின்வாங்கினான். நாற்காலி காலில் இடித்தது. இப்போது நாற்பத்துநாலும் இறங்கியது. நாற்பத்தாறு. இன்னும் இரண்டு. மொத்தம் ஐந்து. நடுவில் விட்ட இடைவெளியைப் பார்த்தான். விரித்த ஒரு கையின் அகலம். சின்னக் கை. ஈயம் அடித்து முடித்த கட்டைகளை, கல் வைக்காமல், ஐந்து விரலையும் பரப்பி ஒரே அமுக்காக அமுக்கிப் பார்க்கிற கை. "கல்லு எதுக்குண்ணே? வெரல் சொல்லாதா?" என்பாள்.

"புஷ்பா," என்றான்.

குரல் உதட்டிலேயே நின்றது. மெத்தைச் சுவர் அதை வாங்கிக்கொண்டது.

"தப்புதான். நான் பண்ணது தப்புதான்."

கட்டைகள் அமுங்கியே இருந்தன.

"திங்கக்கெழம சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். ஒன் பேரச் சொல்லிடறேன்ம்மா. சத்தியமா."

ஐந்தும் எழும்பின. ஒன்றாக, மெல்ல, எந்தக் கட்டையும் முந்தாமல். அவன் வாழ்க்கையில் பார்த்ததிலேயே அழகாக எழும்பின கட்டைகள். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். அழுகை வந்தது, அழுதான். முகத்தைத் துடைத்துவிட்டு, கழற்றிய கட்டையை மாட்டினான். சோதிக்கிற பழக்கத்தில் இரண்டு கைகளையும் கட்டைகள்மேல் விரித்து வைத்தான். எல்லாம் சரியாக இருந்தன. லேசாக இருந்தன.

மெத்தைக் கதவு திறந்தது. மழைச் சத்தம் மொத்தமாக உள்ளே விழுந்தது. ஜாகா வேலாயுதம், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். வாசலில் காவல் இருக்கிற கிழவர்.

"என்னா லீடரே, இன்னும் போகலயா? நான் வாசக் கேட்டப் பூட்டலாம்னு பாத்தா வெளக்கு எரியுது. யாருகிட்ட பேசிக்கிட்டிருந்த? பியானோவுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறியா?"

"சும்மாண்ணே. செக் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"போட்டோவுல பாத்தேன்யா ஒன்ன." வேலாயுதம் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "நம்ம ஆளுங்கள்ல இப்படி ஒரு மூளையா! நெசமாவே நீ யோசிச்சதுதானா, இல்ல எவன்கிட்டயாவது சுட்டியா?"

சொல்லிவிட்டுப் பல் தெரியச் சிரித்தார்.

கேட்டது ஒரு ஜாகா. அவரிடம் உண்மையைச் சொன்னால் வேலை போகாது, ஜப்பான் போகாது, ஒன்றும் போகாது. சொல்லிப் பழகிக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம். கன்னையா வாயைத் திறந்தான். அந்தப் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது.

"நான்தாண்ணே," என்றான். "வேற யாரு?"

அவன் விரல்கள்மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது.

சில்லென்றிருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விரல். அளந்து வைத்தது போல.

கையை இழுத்தான். வரவில்லை.

"அப்படிப் போடு!" என்றார் வேலாயுதம். "வாசிக்கவும் தெரியுமா ஒனக்கு? ஒன்னு வாசியேன், கேப்போம்."

பத்துக் கட்டைகளும் இறங்கின. சத்தமில்லாமல். ஒரு கட்டை பத்து மில்லிமீட்டர்தான் இறங்க முடியும்; அதற்குக் கீழே கம்பளி, கம்பளிக்குக் கீழே பலகை. பலகையில் முட்டியது. நின்றது.

பிறகு அதற்கும் கீழே இறங்கியது.

கன்னையா கிழவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. கத்தினால் ஏன் என்று கேட்பார். நகங்கள் வெளுத்தன. நகங்கள் மறைந்தன. முதல் கணு. வெள்ளைக் கட்டைகளின் வரிசையில் பத்துப் பள்ளம், பள்ளத்துக்குள் அவன் விரல்கள், மரத்துக்கும் மரத்துக்கும் இடையில். இரண்டாம் கணு. மெதுவாக. ஒரு சுத்தியல்கூட ஒரு கம்பியையும் தொடாத அளவு மெதுவாக.

வாசலில் வேலாயுதம், தலையை ஒருபக்கம் சாய்த்து, பாட்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.