இடிதாங்கியின் பன்னிரண்டு பாட்டு

“யாருமே கேக்காத பாட்டை எப்படி ஜெபா சேர்க்கிறது? நீயே சொல்லு!” குணவதியின் கூச்சல் பதினோராம் மாடி முழுக்கக் கேட்டது.

“அதுல லில்லி குரல் இருக்கு, குணா.”

“இருக்கு. பின்னாடி நாலு வரி முனகல்!”

“அக்கா, மெதுவா,” என்றார் டிரம்ஸ் அன்வர்தீன். “எதிர்வீட்டுக் கதவு திறந்தாச்சு.”

எதிர்வீடு மட்டுமா? கொடியில் துணி எடுக்க வந்தவர்கள் காய்ந்த துணியையே மறுபடி மறுபடி உதறிக்கொண்டிருந்தார்கள்.

‘இடிதாங்கி’ ராக் குழு கலைந்து எத்தனையோ காலம். கிதார்க்காரர் ஜெபசிங்கின் வீட்டில் மூன்று நரைத்த தலைகளும் அன்று கூடியது, பாட்டுகளைச் சேமித்து வைக்கும் அரசு ஒலிக்கிடங்கின் பட்டியலுக்கு ஒப்புதல் சொல்ல. கடல் ஏறி, மின்சாரம் சுருங்கிய பிறகு வந்த சட்டம் அது. கலைந்த குழுவுக்கு ஒரே ஒரு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ ஆல்பம், பன்னிரண்டு பாட்டு. மிச்சமெல்லாம் கிடங்கிலும், அவரவர் காதுக்குள் இருக்கும் செவிச்சில்லிலும் அழிந்துவிடும். வேறு பிரதி வைத்துக்கொள்ள இப்போது கருவியும் கிடையாது. எது ஹிட் என்று மனிதர்கள் முடிவு செய்வதில்லை. எது எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண்ணிக்கைதான் முடிவு செய்யும். மூவரில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் பன்னிரண்டும் சேர்ந்து போகும். ஜெபசிங் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

குணவதி சுவர்த்திரையைத் தட்டினாள். லில்லியின் பாட்டுக்கு எதிரே சுழியம்.

“ஊர் கேக்கலை, சரி. அவ புருஷன் நீகூட ஒரு தடவை கேக்கலையே!”

லில்லி இறந்ததிலிருந்து ஜெபசிங் அதைப் போடவே இல்லை. வாங்கிய பட்டுச்சேலையைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பார்களே, அப்படி. தாங்கவே முடியாத ஒரு நாள் வரும், அன்றைக்கு ஆகும் என்று வைத்திருந்தார்.

கணக்கு முடிக்குமுன் ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள்; அதுவும் கழிந்துவிட்டது. பதினோராம் மாடியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அதையே ஓடவிட்டு எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். அடுத்தவர் விஷயம் என்றால் அவ்வளவு அக்கறை. ஆனால் மனிதர் லிஃப்டில் சுவரைப் பார்த்து நிற்கிறவராயிற்றே.

குணவதியின் குரல் இறங்கியது. “நான் பாடினதும் போகட்டுமா? எனக்கும் அதை விட்டா யாருமில்லை, ஜெபா.”

ஜெபசிங் திரையில் கட்டைவிரலை வைத்து ஒப்புதல் கொடுத்தார்.

“எப்ப அழியும்?”

“ஆறு மணிக்குண்ணே.”

முக்கால் மணி நேரம் இருந்தது. காதில் தனியாகக் கேட்பார் என்று நினைத்தால், அறை ஒலிபெருக்கியில் போட்டார். லில்லி நாலு வரி முனகினாள். கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு அதில் இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. திரும்பத் திரும்பப் போட்டார். துணி உதறுவது நின்றுவிட்டது. கடைசி முறை, சிரிப்பு வருவதற்கு முன்பே பாட்டு அறுந்தது. கிதாரை எடுத்து அந்த மெட்டை வாசித்துப் பார்த்தார். மெட்டு வந்தது; அவள் வரவில்லை.

தொகுப்பு வந்து நன்றாகத்தான் ஓடியது. அன்வர்தீன் அந்த எதிர்வீட்டு மும்தாஜையே நிக்காஹ் செய்துகொண்டார்; கதவு சும்மா திறக்கவில்லை பாருங்கள். குணவதி தங்கையோடு, கடல் விட்டுவைத்த தூத்துக்குடியில் குடியேறினாள். ஜெபசிங் செவிச்சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத வால்பாறைக்குப் போனார். அங்கே எந்தத் தெரு, எந்த வீடு என்று, எல்லாவற்றையும் துருவுகிற பதினோராம் மாடியில் ஒருவர்கூட விசாரித்து வைக்கவில்லை.