சின்னத் திறப்பு

இவ்வளவு வடிவான காருக்கு ஏன் இப்படி ஒரு மலிவான பூட்டு?

றீற்றா அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் கணவனின் முகம் வாடிவிடும். இராஜரத்தினம் அந்த ரைலிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவன் இப்படிப் பார்த்ததில்லை. மேலே கறுப்பும் கீழே பாலாடை நிறமும் பூசிய, இருபத்தைந்து வயதுக் கார். உள்ளே தோல் இருக்கைகள், மெழுகு தேய்த்து மினுக்கிய மரப்பலகை முகப்பு. பள்ளிக்கூடக் காலத்தில் கொப்பிகளின் பின்மட்டையில் அவன் கீறித் தள்ளிய அதே கார். ஒவ்வொரு திருகாணியும் பிறந்தபோது இருந்தபடியே இருந்தது. பின்பக்கத்துப் பெற்றோல் மூடி மட்டும் வேறு. அதில் சைக்கிள் கடையில் தொங்குகிற மாதிரி ஒரு தகரப் பூட்டு. அதைப் பூட்டித் திறக்க, சாவிக்கொத்தில் தனியாக ஒரு சின்னத் திறப்பு.

சொந்தக்காரர் தியாகராஜா, ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஹந்தானை மலைச்சரிவில் தனியாக இருந்தார். அடுத்த கிழமை மகளிடம் மெல்பேர்னுக்குப் போகிறார். திரும்பி வரமாட்டார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கண்டியை விட்டுப் போன தமிழ்க் குடும்பங்களின் கதிரைகளும் அலுமாரிகளும் இந்த இரண்டு வருடமாக இப்படித்தான் கைமாறின. வாங்குகிறவர்கள் விற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. றீற்றாவும் பார்க்கவில்லை. காசு அவளுடையது, தாய் விட்டுப்போன காணியை விற்று வந்தது. அவள் ஓம் என்று சம்மதித்தால்தான் கார். இன்னொருவர் போவதால் தனக்குக் கிடைக்கிற அந்த ஓமை நினைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"தம்பி, இது பெண்சாதி மாதிரி இல்லை. சொன்னதைக் கேக்கும்," என்றார் தியாகராஜா. பிறகு றீற்றாவைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ பிள்ளை. என்ர மனிசி உயிரோட இருந்தால் நான் இப்பிடிக் கதைச்சிருக்கேலாது."

"அவ இருந்தா இந்தக் காரை விக்க விட்டிருக்கமாட்டா," என்றான் இராஜரத்தினம்.

"அவ எப்பவோ வித்திருப்பா."

இருவரும் சிரித்தார்கள். தியாகராஜா திறப்புகளை அவனிடம் கொடுக்கவில்லை, றீற்றாவின் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய சுட்டுவிரல் நகம் நடுவில் பிளந்து கறுத்திருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டு, "அளவுச் சங்கிலி நசிச்சது. பழைய காயம்," என்றார். "இண்டைக்குச் சனி. வியாழன் வரைக்கும் வச்சு ஓட்டிப் பாருங்கோ. பிறகு ஒரு முடிவு சொல்லுங்கோ. சின்னத் திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும் பிள்ளை. ஆர் கேட்டாலும் குடுக்கவேண்டாம். பீலி முடக்காலையும் போகவேண்டாம். ரோட்டு சரியில்லை."

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். முகப்புப் பலகையின் நடுவில் ஒரு சதக் காசளவுக்கு மெழுகு இல்லாமல் வெளிறிக் கிடந்தது. சந்தனப் பொட்டு இருந்த இடம். சவர அலகால் சுரண்டியிருந்தார்கள். அதில் அவளுக்கு வியப்பு இல்லை. அந்த ஆடியில், தமிழர் என்று தெரியாமலிருக்க, எல்லாரும் எதையாவது சுரண்டினார்கள், கடைப் பெயர்ப்பலகையை, நெற்றியை.

இராஜரத்தினம் பீலி முடக்கு வழியாகத்தான் போனான். "இந்த ரோட்டுக்கு என்ன குறை? பாரும், கண்ணாடி மாதிரிக் கிடக்கு." ஸ்டியரிங்கை அவன் பிடித்திருந்த விதத்தைப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது. பத்து வருடம் குறைந்துவிட்டவன் போலிருந்தான்.

ரோட்டு வளைந்து திரும்புகிற அந்த முடக்கில் என்ஜின் கொதித்தது. அவன் தகரப் பேணியை எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலியைத் தேடி மேலே ஏறிப்போனான். அவன் போன பக்கத்தைப் பனிமூட்டம் மூடியது. தேயிலைச் சரிவிலிருந்து இறங்கிய மூட்டம் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பால் நிறமாக்கிக்கொண்டு வர, சூடாறுகிற இரும்பு காலடியில் டிக் டிக்கென்று சத்தமிட, எங்கோ தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டிருக்க, தோலும் மெழுகும் பழைய பெற்றோலும் கலந்த காரின் மணத்துக்கு அடியிலிருந்து இன்னொரு மணம் மெல்ல எழும்புவதை அவள் அறிந்தாள். தித்திப்பான மணம். சட்டியில் மறந்துபோன சீனி கருகுவது போல. ஓரத்தில் கூரையில்லாத ஒரு சின்னக் கடை நின்றது. கரிபிடித்த சுவர்கள், கதவில்லாத வாசல். இரண்டு வருடத்துக்கு முந்தைய கரி. அதற்கு இன்னும் மணம் இருக்குமா?

காரின் பின்பக்கத்தில் யாரோ தட்டினார்கள்.

கண்ணாடிப் போத்தலால் தகரத்தில் தட்டுகிற சத்தம். மரியாதையான தட்டல். வங்கியில் கவுண்டரைத் தட்டுகிற மாதிரி. பிறகு அவளுடைய பக்கத்து யன்னலில் ஒரு கை வந்தது. முழுக்கை வெள்ளைச் சட்டை, பொத்தான் போட்ட மணிக்கட்டு. அதற்கு மேலே மூட்டம்.

அந்தக் கை கொஞ்சம் பெற்றோல் கேட்டது. எந்தப் பாஷையில் கேட்டது என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. கேட்டது விளங்கியது, அவ்வளவுதான்.

சுட்டுவிரல் நகம் நடுவில் பிளந்து கறுத்திருந்தது.

தியாகராஜா ஐயாவா? ஐயா எப்படி இங்கே? வீடு இரண்டு மைல் மேலே. நடந்து வந்திருக்க முடியாது. முகத்தைப் பார்க்கத் தலையை உயர்த்தினால் போதும். அவள் உயர்த்தவில்லை. யன்னலைக் கொஞ்சம் இறக்கி, வளையத்திலிருந்து சின்னத் திறப்பைக் கழற்றி, அந்தக் கையில் வைத்தாள். அது போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மூடி திறக்கும் சத்தம். இறப்பர்க் குழாய் உரசும் சத்தம். போத்தல் நிரம்பும் சத்தம். திறப்பு மீண்டும் அவளுடைய மடியில் விழுந்தபோது சூடாக இருந்தது.

இராஜரத்தினம் தண்ணீரோடு வந்தான். அவன் ஒன்றையும் கண்டிருக்கவில்லை. கார் கிளம்பியதும் பின்பார்க்கிற கண்ணாடியில் செம்மஞ்சள் வெளிச்சம் ஆடியது. "பொழுது படுகுது," என்றான் அவன். பொழுது அந்தப் பக்கத்தில் படுவதில்லை என்று அவள் சொல்லவில்லை. பெற்றோல் முள் ஒரு கோடு இறங்கியிருந்ததையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டதும், கையில் சோக்குத் தூள்கூடக் கழுவாமல், ஹந்தானை பஸ்ஸில் ஏறி முடக்கில் இறங்கினாள். ஒன்றுமில்லை என்று கண்ணால் கண்டுவிட்டால் போதும், வியாழக்கிழமை ஓம் சொல்லிவிடலாம்.

கரிச்சுவரோடு ஒட்டித் தகரம் இறக்கி ஒரு பெண் தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் பரிமளம். றீற்றாவின் கையிலிருந்த சோக்குத் தூளைப் பார்த்தாள்.

"வாங்க டீச்சர். ஒக்காருங்க. பலகை ஆடும், விழுந்துறாதீங்க. விழுந்தா தேத்தண்ணிக்குக் காசில்ல."

றீற்றா சிரிக்க முயன்றாள். கடை யாருடையது என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு கணபதியோடது. அவரு உள்ள இருக்கயிலதான் பத்த வச்சாங்க. நான் பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்தேன். மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." பரிமளம் கோப்பையை ஆற்றினாள். "கத்தல. கத்துனா என்னயும் புடிச்சிருப்பாங்க. வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்."

"அவங்களுக்குப் பெற்றோல் எங்கால?"

"ரோட்டுல வந்த காரெல்லாம் மறிச்சுக் கேட்டாங்க. எல்லாரும் குடுத்தாங்க. குடுக்காட்டி விடுவாங்களா? ஒரு பெரியவரு, நம்மாளுதான், நெத்தியில துன்னூறு அழிச்ச தடம் இன்னும் ஈரமா இருந்துச்சு. கறுப்பும் வெள்ளையுமா ஒரு காரு. அவரே எறங்கி மூடியத் தெறந்து குடுத்தாரு. நான் அவர ஒன்னும் சொல்லமாட்டேன். அவரு வண்டியில பொண்டாட்டி இருந்தாங்க."

பெற்றோல் மூடியில் பிறகு போட்ட அந்தத் தகரப் பூட்டு நினைவுக்கு வர, றீற்றா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள சீனி மூட்ட ஒன்னு இருந்துச்சு. அதுதான் ரொம்ப நேரம் எரிஞ்சுச்சு. அப்பறம் ரெண்டு வருசமா சும்மாதான் கெடந்துச்சு, டீச்சர்." பரிமளத்தின் குரல் தாழ்ந்தது. "சனிக்கெழம சாயங்காலம் மறுபடி எரிஞ்சுச்சு. சொன்னா பைத்தியம்னுவாங்க. எங்க வீட்டுக்காரரு சத்தமும் கேட்டுச்சு. இங்க கைய வச்சுப் பாருங்க."

றீற்றா சுவரில் கைவைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டியின் சூடு. உள்ளங்கையில் கரி ஒட்டியது.

"இந்தத் தடவ கொஞ்ச நேரந்தான்," என்றாள் பரிமளம், அவளுக்கு ஆறுதல் சொல்வது போல. "ஒரு போத்தல் அளவுதான் இருக்கும்."

நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல அப்போது இடம் இருந்தது. றீற்றா சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்தாள். நல்ல இனிப்பு.

வீட்டில் அவள் கையைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். இராஜரத்தினம் முற்றத்தில் காரின் முன்விளக்குகளைப் பழைய பெனியனால் துடைத்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். பேய் என்று சொன்னால் சிரிப்பான். உண்மையைச் சொன்னால் சிரிக்கமாட்டான். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வியாழன் மாலை தியாகராஜாவிடம் முடிவு சொல்லப் புறப்பட்டார்கள். மற்ற ரோட்டால் போவோம் என்றாள். சந்தியில் இராணுவம் மறித்திருந்தது. வாகனங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பீலி முடக்குத்தான்.

மூட்டம் அவர்களுக்கு முன்பே வந்திருந்தது. பரிமளத்தின் தகரக் கொட்டில் பூட்டிக் கிடந்தது. கடை வாசலுக்கு நேரே என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது.

"கொதிக்கேல்லையே," என்றான் இராஜரத்தினம். "கொஞ்சம் நிக்கட்டும், பிறகு பாப்பம்." அவன் இறங்கவில்லை. கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி அவள் பக்கம் திரும்பினான். "றீற்றா. நீர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

சீனி கருகுகிற மணம். தோல் இருக்கையின் தையல்களுக்குள்ளிருந்து, அவளுடைய சேலையிலிருந்து, உள்ளங்கையிலிருந்து.

போத்தல் தகரத்தில் தட்டியது.

"உங்களுக்குக் கேக்குதே?"

"என்ன கேக்குது? தண்ணிச் சத்தம்."

மறுபடி. பின்பக்கத்தில். பிறகு பக்கவாட்டில். பிறகு கதவில். மரியாதையாக.

அவள் சின்னத் திறப்பைக் கைக்குள் வைத்து மூடினாள்.

யன்னலில் வெள்ளைச் சட்டைக் கை வந்தது. பிளந்த நகம். அது கண்ணாடியில் தங்கி நின்றது. அதன் பக்கத்தில் மூட்டத்திலிருந்து இன்னொரு கை வந்தது. சின்னக் கை. பெண்ணின் கை. விரல் இடுக்குகளில் சோக்குத் தூள். உள்ளங்கையில் கரி. மோதிர விரலில் இராஜரத்தினம் கோயிலில் போட்ட மோதிரம், கல் கொஞ்சம் சரிந்தது.

அவள் தன் மடியைப் பார்த்தாள். தன் கை அங்கேதான் இருந்தது. அதே மோதிரம். அதே சரிந்த கல்.

யன்னலில் இருந்த அவளுடைய கை விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டியது. உள்ளங்கையைத் திருப்பி நீட்டியது. கேட்டது. இந்த முறை பாஷை விளங்கியது. அவளுடைய பாஷை. அவளுடைய குரல், வகுப்பில் பிள்ளைகளிடம் கொப்பி கேட்கிற அதே பதமான குரல். கொஞ்சந்தானே.

கரிபிடித்த வாசலுக்குள் இருட்டில் யாரோ இருமினார்கள். இருமிவிட்டு, பேசாமல் காத்திருந்தார்கள். அவள் என்ன சொல்வாள் என்று கேட்பதற்காக.

"றீற்றா," என்றான் இராஜரத்தினம். அவனுடைய குரலில் பள்ளிக்கூடக் காலத்து ஆசை இருந்தது. "அப்ப ஐயாவுக்கு ஓம் எண்டு சொல்லட்டே?"

திறப்பின் பற்கள் உள்ளங்கையில் பதிந்தன. சூடு ஏறிக்கொண்டிருந்தது. தோல் பொசுங்குகிற சூடு. அவள் விரல்களைத் திறக்கவில்லை. முதன்முறையாகத் தலையை உயர்த்தி, யன்னலில் அந்தக் கை முளைத்து வந்த இடத்தைப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள், மெதுவாக.

இராஜரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கை போகவில்லை. மோதிரம் கண்ணாடியில் தட்டியது, மரியாதையாக, திரும்பவும்.

"இல்லை."