மத்தியானக் காலடி

மாடிப்படியில் மணல் கிடந்தது. ஒரு சிட்டிகைதான் இருக்கும். ஆனாலும் வேலை முடிந்து வந்தவனுக்கு அது எந்த மணல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஸ்டுடியோவில், ஆள் நடக்கிற சத்தத்துக்காகத் தட்டில் கொட்டி வைத்திருக்கும் கறுப்புப் பொடி கலந்த மணல். அதை மிதிக்கிற ஷூவை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, தன் செருப்பை மாட்டிக்கொண்டுதான் அவன் வீடு திரும்புவான். எந்த நாளும் அது மாறியதில்லை.

படத்தில் நடப்பவர்களுக்குக் காலடிச் சத்தம் கொடுப்பது அவன் பிழைப்பு. திரையில் நடிகர் நடப்பார், இருட்டறையில் மைக்குக்கு முன்னால் இவன் நடப்பான், ஜனங்கள் கேட்பது இவன் காலடியை. அதனால் அங்கே அவனுக்குப் பேரே காலடி. இப்போது கையில் இருந்தது ஒரு பழைய படத்தின் ரீமேக். புருஷன் வேலைக்குப் போனதும் மத்தியானத்தில் மாடியேறி வருகிற கள்ளக்காதலன், சந்தேகத்தில் வெந்து சாகிற புருஷன், நடுவில் கட்டிலும் வியர்வையுமாகப் போகிற கதை. கள்ளக்காதலனாக நடித்தவனுக்கென்று ஒரு நடை இருந்தது. வலது கால் திடமாக விழும், இடது கால் தரையை உரசிவிட்டுத்தான் விழும். டக். சர்ர்... டக். அது படியும்வரை காலடி படாத பாடு பட்டான். படிந்த பிறகு அதை விட மனசு வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரும் ஒலிப்பதிவாளன் அவனுடைய பழைய சிநேகிதன், வாய் சும்மா இருக்காது. "புருஷன் ஷூ உனக்குக் கடிக்குது. கள்ளக்காதலன் ஷூ அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. என்னமோ போ மச்சான்" என்றான்.

அன்றைக்குக் காலடியும் சிரித்தான். மணலைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே கண்ணில் பட்டது. காலையில் நீலமாக இருந்த கட்டில் விரிப்பு சாயங்காலம் வெள்ளையாக இருந்தது. சாயங்காலம் அவன் வரும்போதே குளியலறை ஈரமாக, சோப்பு வாசனையோடு, கண்ணாடியில் ஆவி மங்கலாகப் படிந்து கிடந்தது. மனைவி எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள், அவள் பாடி அவன் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அவள் தோளில், ரவிக்கை விலகிய இடத்தில், பல் பட்டாற்போல ஒரு சிவப்பு. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. நாள் முழுக்க மற்றவர்களுக்காக நடந்துவிட்டு வருகிறவனுக்கு, காத்திருந்து கேட்க அவள் குரல் ஒன்றுதான் இருந்தது. விஷயத்தை வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அதுவும் போய்விடும். அதனால் கேட்கவில்லை. படுக்கையில் அவள் பக்கம் திரும்பிப் படுத்து, அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவள்தான் பேச்சை எடுத்தாள். காலையில் அவன் கிளம்பும்போது, டீக் கோப்பையை வாங்கிக்கொண்டே, பாதி வெட்கமும் பாதி கேலியுமாகக் கேட்டாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. மத்தியானம் வர்றப்ப மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க? காலை வேற தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறீங்க."

அவன் ஒருநாளும் மத்தியானம் வீட்டுக்கு வந்ததில்லை.

நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். வந்து போகிறவனை யாரோ பார்த்திருக்கிறார்கள், அது தன் காதுக்கு வருவதற்குள் முந்திக்கொள்கிறாள் என்று நினைத்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். பின்னால் கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வழியெல்லாம் கூடவே வந்தது.

ஸ்டுடியோவில் கடைசிக் காட்சி. பழைய படத்தில் அந்தப் புருஷனின் பெண்டாட்டி பிழைத்துக்கொள்வாள். ரீமேக்கில் டைரக்டர் முடிவை மாற்றியிருந்தார். கள்ளக்காதலன் கடைசித் தடவையாக மாடியேறுவான், கூடத்து சோபாவிலிருந்து எடுத்த தலையணையோடு.

விளக்கு அணைந்தது. பழைய துணி, மரம், மணல் எல்லாம் கலந்த அந்த அறையின் வாடை மூக்கில் ஏறியது. ஷூவை மாட்டினான். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்தது போல. திரையில் மத்தியான வெயில், சாத்திய கதவு, படிக்கட்டு. அவன் மரப்பலகையில் நடந்தான்.

டக். சர்ர்... டக்.

படி. அடுத்த படி. திரையில் கைப்பிடியைப் பற்றிய கை. டக். படுக்கையறை வாசல். சர்ர்...

காலை வேற தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறீங்க.

நின்றுவிட்டான். இடது கால் அந்தரத்தில். மத்தியானம். அவன் இங்கே நடக்கிற நேரம் எல்லாமே மத்தியானம்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் சிநேகிதன் குரல் வந்தது. "என்ன மச்சான், காலை வை. ஓடிக்கிட்டிருக்கு."

வைக்கவில்லை. ஒரு பக்கக் காதை விடுவித்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். விரல் வழுக்கியது. மணி போனது. போனது. எடுத்தாள்.

சிரித்தாள். "இதென்ன விளையாட்டு? எதிர்லயே நின்னுக்கிட்டு போன் பண்றீங்க?"

"வெளிய போ" என்றான். குரல் எழும்பவில்லை.

"என்னது? சரியா கேக்கலை." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "உங்க கையிலதான் போன் இல்லையே."

அவன் தொடை நடுங்கியது. இடது காலை இன்னும் மேலே தூக்கினான். ஒரு கையால் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க, ஏன் ஒத்தக் கால்ல நிக்கிறீங்க?" அவள் குரலில் சிரிப்பு வடிந்துபோயிருந்தது. "கீழ இருந்த தலையணைய எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"ஓடு."

போனில் மூச்சு மட்டும். அவனுக்குத் தெரிந்த மூச்சு. ராத்திரி எல்லாம் கேட்ட மூச்சு. வேகமாக.

வைக்க மாட்டேன். விடிய விடிய நின்றாலும் காலைக் கீழே வைக்க மாட்டேன். வியர்வை கண்ணில் இறங்கியது. திரையில் அந்த ஆள் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டினான்.

சர்ர்... டக்.

போனில் கேட்ட மூச்சு நின்றுபோனது.

மறு காதில் சிநேகிதன் திருப்தியாகச் சொன்னான். "அப்படித்தான் மச்சான். கச்சிதமா விழுந்துச்சு. அடுத்ததை வை."

காலடி குனிந்து பார்த்தான். அவன் கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.