சலிப்பறுப்பி

விசாகன் அன்று காலையும் நடைப்பொறியில் ஏறி, முதல் மிதி மிதித்ததும் வாய்விட்டுச் சிரித்தான். கால் முன்னால் போய், கொஞ்சம் எழும்பி, நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தபோது, முதன்முதலாக ஊஞ்சலில் உட்காரவைத்த பிள்ளையின் முகம் அவனுக்கு. ஆறு வருடமாக அதே பொறி, எதிரே அதே சுவர். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த கோகிலவாணிக்குப் பெருமை தாங்கவில்லை. கணவனின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்த எள்ளளவு விதை அவள் கண்டுபிடித்தது.

கோயம்புத்தூரில் அப்போது நடைப்பொறி இல்லாத வீடு கிடையாது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே போய் நடக்கலாம் என்றால் வருடத்தில் பாதி நாள் வெயில் ஆளைச் சுட்டெடுத்தது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் தினமும் வீட்டுக்குள்ளேயே பொறி மிதிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. சட்டம் போட்டால் மிதித்துவிடுவார்களா? முதல் மாதம் எல்லாரும் பொறியில் ஏறினார்கள். இரண்டாம் மாதம் அதன் கைப்பிடியில் ஈரத் துண்டு காயப்போட்டார்கள்.

விதை வருவதற்கு முன்னால் கோகிலவாணியின் உத்தியோகத்துக்கு நடைச்சுவைஞர் என்று பெயர். ஜனங்கள் பொறியை விட்டு இறங்கிவிடாமல் இருக்கத் தினமும் ஏதாவது புதிதாகக் கொடுப்பது அவள் வேலை. பின்னோக்கி மிதிக்கச் சொன்னாள். கைப்பிடியை விட்டுவிட்டு மிதிக்கச் சொன்னாள். பல்லவிக்கு வேகமாக, சரணத்துக்கு மெதுவாக என்று பாட்டோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். மருதமலைப் படி மாதிரி ஏற்றத்தைக் கூட்டினாள், கண்ணை மூடச் சொன்னாள், திரையில் ஊட்டி மலைப்பாதையை ஓடவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரரோடு பந்தயம் மூட்டிவிட்டாள். ஆடுகிற மாட்டை ஆடிக் கறந்தாள், பாடுகிற மாட்டைப் பாடிக் கறந்தாள். எதுவானாலும் ஆயுசு இரண்டு வாரம்தான். அப்புறம் பழையபடி ஈரத் துண்டு.

ஊருக்கெல்லாம் சுவை கூட்டியவளால் வீட்டுக்காரனை மட்டும் மிதிக்கவைக்க முடியவில்லை. விசாகனுக்கு இடது காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. இப்படியே இருந்தால் அடுத்தது பாதம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் கெஞ்சினாள், திட்டினாள், பட்டினி கிடந்தாள். "காலு போனாலும் போவட்டும் வாணி, இந்தச் செக்குமாட்டுப் பொழப்பு எனக்கு வேண்டாம்" என்று அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

அந்த ஆத்திரத்தில்தான் அவளுக்கு அது தோன்றியது. இத்தனை நாளும் நடையையே மாற்றிக்கொண்டிருந்தோம், நடக்கிற ஆளை மாற்றினால் என்ன? பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்கிறார்கள். பாலில் ஒரு கோளாறும் இல்லை, புளிப்பெல்லாம் குடிக்கிறவனுக்குள் இருக்கிறது. மூளையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. வருகிற செய்தி நேற்றும் வந்ததுதானா என்று அது பார்க்கும், வந்ததுதான் என்றால் ஓசையைக் குறைத்துவிடும். மின்விசிறிச் சத்தம் சற்று நேரத்தில் காதில் விழாமல் போவது அதனால்தான். நிறுவனத்தின் ஆய்வகத்தில் அவள் செய்த விதை அந்த இடத்தைப் பேசாமல் இருக்கவைத்தது. மறதி எதுவும் வராது. நேற்று மிதித்தது, முந்தாநாள் மிதித்தது எல்லாம் நன்றாக நினைவிருக்கும். ஆனாலும் இன்றைய மிதி முதல் மிதியாகவே இருக்கும். சலிப்பறுப்பி என்று அவளே பெயர் வைத்தாள்.

முதல் விதை விசாகனுக்கு. மறுநாள் அவனைப் பொறியிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அடுத்த சில வருடங்களில் மருத்துவமனைகளில் கால் எடுக்கும் அறைகள் பூட்டிக் கிடந்தன. யாரைப் பார்த்தாலும் காதுக்குப் பின்னால் ஒரு சின்னத் தழும்பு.

பொறியில் நிற்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும் என்றுதான் விதையை அமைத்திருந்தாள். சில மாதத்தில் அது நாள் முழுக்க வேலை செய்ய ஆரம்பித்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. விசாகன் ஒவ்வொரு காலையும் அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை வியப்போடு பார்த்தான். நூறு தடவை கேட்ட கதையைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். கல்யாணமாகி இருபது வருடம் போன பிறகும், அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊரில் உள்ள பெண்டாட்டிமார் வீடு தேடி வந்து நன்றி சொன்னார்கள். நாள் முழுக்க வேலை செய்கிற விதையே வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதால், நிறுவனம் அப்படியே செய்து விற்றது. வித்தியாசத்தை அளந்து பார்க்க யாராவது பழைய ஆளாகவே இருக்க வேண்டுமே என்று கோகிலவாணி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுடைய ஒரே மகள் நறுமுகை, வயது பத்தாததால் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவுக்குத் தினமும் தீபாவளி என்று கேலி செய்துகொண்டு திருச்சிக்குக் கல்லூரி படிக்கப் போனாள்.

ஒருநாள் சூலூரிலிருந்து ஒரு அம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். புருஷன் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆறவே மாட்டேன் என்கிறது, இது விதையால் இருக்குமா என்று கேட்டாள். பேசும்போதே, பிணம் வாசலில் கிடப்பது போல் உடம்பு குலுங்கியது. கோகிலவாணி தேநீர் வரவழைத்துக் கொடுத்து, நாளானால் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறதையே சொல்லி அனுப்பிவைத்தாள். அந்த அம்மாள் போன பிறகு மனசில் என்னவோ உறுத்தியது. அன்று நிறைய வேலை இருந்தது.

அந்த மழைக்காலத்தில் நறுமுகை இறந்துபோனாள்.

காய்ச்சல்தான். விடுதியிலிருந்து தகவல் வந்து இவர்கள் போய்ச் சேர்வதற்குள் மூளைக்கு ஏறிவிட்டது. வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் அழுதார்கள்.

பிறகு துக்கம் விசாரிக்க ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், கோகிலவாணி சொன்னாள். "வெள்ளிக்கிழமை தலைவலின்னாளுங்க. சனிக்கிழமை காய்ச்சலு. ஞாயித்துக்கிழமை எங்களைக் கூப்பிட்டாங்க, நாங்க போறதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சுங்க." முதலில் அவளால் வெள்ளிக்கிழமையைத் தாண்டவே முடியவில்லை. கருமாதிக்குள் ஞாயிறு வரை தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு, காப்பி குடிக்கிறீர்களா என்றும் கேட்க முடிந்தது. ஊர் இதற்காகத்தான் வருகிறது. வாயைத் திறந்து ஒருவரும் சொல்வதில்லை, ஆனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, துக்கத்தின் முனையை மழுக்கிவிட்டுப் போகிறார்கள். மனுஷனைப் படைத்தவன் வைத்த மருந்து அது ஒன்றுதான். அந்த மருந்தைத்தான் அவள் இந்த ஊரில் பாதிப் பேருக்கு அறுத்துப் போட்டிருந்தாள்.

விசாகன் ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். மாதங்கள் போயின. தினமும் காலையில் கண் விழித்ததும் மகள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். மறந்துவிட்டு நினைத்துக்கொள்வதல்ல, ராத்திரி முழுக்கத் தெரிந்ததுதான். தெரிந்தது பழையதாகவில்லை, அவ்வளவே. வண்டியிலிருந்து அவளை இறக்கிய அன்று அழுத அழுகையைத்தான் அவன் தினமும் அழுதான்.

அழுது முடித்துப் பொறியில் ஏறுவான். முதல் மிதியில் சிரிப்பு வந்துவிடும். அதை அவனால் தடுக்க முடியவில்லை. கண்ணீர் காயாத முகத்தோடு சிரித்துக்கொண்டே மிதிப்பான், இறங்கியதும் சிரித்ததற்காகத் தலையில் அடித்துக்கொள்வான். பரிசோதனைக்குப் போனபோது, கால் அருமையாக இருக்கிறது, இருதயம் இளைஞனுடையது, தொண்ணூறு வரைக்கும் பயமில்லை என்று மருத்துவர் கையைக் குலுக்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோகிலவாணி அந்தத் தொண்ணூறையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

விதையை எடுக்க வழி இருக்கிறதா என்று அவள் தேடாத இடமில்லை. நரம்பு அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. பிடுங்கினால் பேச்சும் நினைவும் சேர்ந்து வரும். சூலூர் அம்மாளைத் தேடிப் போய்க் காலில் விழலாம் என்று ஒருநாள் கிளம்பினாள். பாதி வழியில், அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டாள்.

இதற்கு நடுவே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ளாமல் இருந்தாள். கணவனின் அழுகை அவளுக்குப் பழகிக்கொண்டிருந்தது. முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தாள். இப்போதெல்லாம் அவன் அழ ஆரம்பித்தால் குக்கரை அடுப்பில் வைப்பாள். சலிப்பை ஒழித்தவள் என்று ஊர் கொண்டாடியவளுக்கு, பெற்ற மகளுக்காகப் புருஷன் அழுகிற அழுகை சலித்துப்போயிற்று.

ஒரு காலையில் கூடத்தில் அவன் குரல் எழும்பியது. அவள் சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்சியை ஓடவிட்டாள். நிறுத்திவிட்டுத் திரும்பினால் விசாகன் சமையலறை வாசலில் நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். தெரியாத பாடத்தை வாத்தியாரிடம் கேட்கிற பிள்ளை மாதிரி அவன் கேட்டான்.

"வாணி, உனக்கு எப்படிப் பழகுச்சு? எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு."

அவளுக்குக் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "மாமா" என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு பொறியை நோக்கிப் போனான்.

மத்தியானத்துக்குள் அவள் ஆய்வகத்துக்குப் போய்த் தன் காதுக்குப் பின்னால் ஒரு விதையை வைத்துக்கொண்டாள். ஊசி குத்துகிற நேரம்தான். தேய்ந்துபோனதை விதை மீட்டுத் தராது என்பது மற்றவர்களைவிட அவளுக்கே நன்றாகத் தெரியும். இருந்தாலும் மிச்சமிருப்பதாவது தேயாமல் நிற்கட்டும் என்று நினைத்தாள். நாளைக்கு அவன் அழுகை இன்றைக்குக் கேட்ட அளவாவது கேட்க வேண்டும், அடுத்த வருடம் அதுவும் கேட்காமல் போய்விடக்கூடாது. அந்த மனுஷனைத் தனியாக விட்டுவிடக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமே இல்லை.

மறுநாள் விடிந்தது. விசாகன் அழுதான். கோகிலவாணி காதைக் கொடுத்துக் கேட்டாள். நேற்றுப் போலவேதான் இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நறுமுகையின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெள்ளி தலைவலி, சனி காய்ச்சல், ஞாயிறு பேச்சு நின்றது, எல்லாம் நாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுக்குள் ஒரு நாள்கூட ஆகாத, துளியும் தேயாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுப்பை மூட்டக் கையை நீட்டியபோது அது வந்தது.

உனக்கு எப்படிப் பழகுச்சு?

அப்போதுதான் கேட்டமாதிரி கேட்டது. அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்து அழுகையை அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான்.

விசாகன் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதே இல்லை. அவள் அழுகிற சத்தம் கேட்டால் தன் அழுகையை விட்டுவிட்டு ஓடிவருகிறான், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்கிறான். மகளுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைக்கிறான். கடைசியில் வாணியும் தன்னோடு வந்துவிட்டாள் என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியும் அவனுக்குத் தினமும் புதிதாகத்தான் வருகிறது. எதற்காக அழுகிறேன் என்று சொல்ல அவள் ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள்.